சைட்பாட்டம்னு கேட்டதும் சிரிப்பு வருதா? அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர்!

2007-ல் ராகுல் டிராவிட் தலைமையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போய், 21 வருடங்களுக்குப் பிறகு அங்கே டெஸ்ட் தொடரை வென்று வந்தது நினைவிருக்கிறதா? அந்தத் தொடரில் நம்மவர்களுக்குப் பந்து வீசியவர்களில் ஒருவர் இடதுகை வேகப்பந்து வீச்சாளர். ஓடி வரும்போது நெற்றிப் பட்டையையும் மீறிச் சுருட்டை முடி துள்ளும். பெயர், ரையன் சைட்பாட்டம்.

டிவியில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் வீட்டு ஹாலில் ஒரு கிண்டல் கிளம்பும். "சைடுன்னா தெரியும், பாட்டம்னாலும் தெரியும்... ரெண்டும் சேர்ந்தா என்னடா அர்த்தம்?" என்று தம்பி ஆரம்பிப்பான். அண்ணன் விளக்கம் சொல்லப் போவார். அம்மா முறைப்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சிரித்தது நாம் மட்டுமில்லை. அந்தப் பெயர் பிறந்த மண்ணிலேயே, இங்கிலாந்திலேயே, அதைச் சொல்லிக் காலங்காலமாகச் சிரித்திருக்கிறார்கள். வகுப்பில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இந்தப் பெயருக்கு 'எஸ் மிஸ்' சொல்ல வேண்டிய பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்றால் உட்காரும் பகுதி. 'சைட்' என்றால் பக்கவாட்டு. இரண்டையும் ஒட்டினால் என்ன வருமோ அதுதான் எல்லோருக்கும் வந்தது.

ஆனால், அந்தப் பெயரை முதன்முதலில் சுமந்த குடும்பத்தைப் பார்த்து அன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நம்மூரில் ஒருவரை 'பெரிய பள்ளத்துக்காரர்' என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் அது அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

இரண்டு பாதியும் ஏமாற்றும்

முதலில் 'பாட்டம்'. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'பொட்ம்' என்றும் 'பொத்ம்' என்றும் இரண்டு விதமாக வழங்கியது. அடிப்பகுதி, தரை, தாழ்ந்த நிலம் என்பதெல்லாம் அதன் பொருள்கள். மலைப்பாங்கான வட இங்கிலாந்தில் அதற்குக் குறிப்பான ஒரு பொருள் இருந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிக் கிடக்கும் சமதளம். அதாவது, பள்ளத்தாக்கின் அடி.

அடுத்து 'சைட்'. இது இன்றைக்கு நாம் சொல்லும் பக்கவாட்டு இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸீட்' என்று ஒரு உரிச்சொல் இருந்தது. அகன்ற, பரந்த, நீண்ட என்று பொருள். இன்றைய 'சைட்' அதற்கு உறவுக்காரச் சொல்தான். ஆனால் 'பரந்த' என்ற அந்தப் பழைய பொருள் இன்றைய பேச்சில் இல்லை, பெயருக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது.

ஆக, சைட்பாட்டம் என்றால் 'அகன்ற பள்ளத்தாக்கு'. வட மேற்கு இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இருந்த ஓர் இடத்தின் பெயர் அது என்று குடும்பப் பெயர் அகராதிகள் சொல்கின்றன. அங்கிருந்து வந்தவர் சைட்பாட்டம்காரர் ஆனார். பிறகு 'காரர்' உதிர்ந்து, ஊர்ப்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தனி சுவாரஸ்யம். இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துப் பொருள் சொன்னால் பெரும்பாலும் தப்பாகிவிடும். அதனால் பழைய நீதிமன்றப் பதிவுகள், வரிப் பட்டியல்கள், தேவாலயப் பதிவேடுகள் என்று பின்னோக்கிப் போய், அந்தப் பெயர் முதன்முதலில் எப்படி எழுதப்பட்டது என்று தேடுகிறார்கள். பெயருக்கு முன்னால் 'டி' என்று இருந்தால், 'இந்த ஊரைச் சேர்ந்த' என்று அர்த்தம். உடனே அது ஊர்ப்பெயர் என்று தெரிந்துவிடும். 1377, 1379, 1381 ஆகிய வருடங்களில் இங்கிலாந்தில் தலைவரி போட்டார்கள். மக்களுக்கு அது பெரிய கொடுமை. 1381-ல் விவசாயிகள் கலகமே செய்தார்கள். ஆனால், குடும்பப் பெயர் ஆராய்பவர்களுக்கு அந்தப் பட்டியல்கள் புதையல். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி 45,000-க்கும் மேற்பட்ட பெயர்களை இப்படித்தான் அலசியிருக்கிறது.

இனிஷியலோடு வாழும் நமக்கு இந்தக் குடும்பப் பெயர் சமாச்சாரமே கொஞ்சம் அந்நியம்தான். ஆன்லைன் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று வந்தால் அப்பா பெயரைப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் நாம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 1066-ல் நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு, முதலில் பிரபுக்கள், பிறகு நகரத்தார், கடைசியாகக் கிராமத்தார் என்று மெல்ல மெல்லப் பரவியது. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் யார் எந்த ஜான்? கொல்லுப்பட்டறை ஜான் 'ஸ்மித்' ஆனார். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனார். பள்ளத்துக்குள் வீடு கட்டியிருந்த ஜான்கள்தான் இந்த 'பாட்டம்' வகையறா.

ஒரு பள்ளம், பல பெயர்கள்

வடக்கு இங்கிலாந்தின் முதுகெலும்பு மாதிரி நீளமாகக் கிடக்கிறது பென்னைன் மலைத்தொடர். அதன் இரு பக்கமும் லங்காஷயர், யார்க்ஷயர், தெற்கே செஷயர். மேலே காற்றடிக்கும் மொட்டைப் புல்வெளி. கீழே ஓடையும் மரமும் உள்ள பள்ளங்கள். மனிதர்கள் குடியிருந்தது பெரும்பாலும் கீழேதான். எனவே பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு பெயர் தேவைப்பட்டது.

நீளமான பள்ளம், லாங்பாட்டம். ஹாரி பாட்டர் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அத்துப்படி. பயந்தாங்கொள்ளியாக அறிமுகமாகிக் கடைசியில் பாம்பின் தலையை வெட்டும் நெவில் லாங்பாட்டம்தான். அது கதைக்காகப் புனைந்த பெயர் இல்லை. யார்க்ஷயரில் நிஜமாகவே இருக்கும் குடும்பப் பெயர். புதர் மண்டிய கரடுமுரடான பள்ளம், ரோபாட்டம். குளிர்காலத்தில் ஆடுமாடுகளை மேட்டிலிருந்து இறக்கிக் கட்டி வைக்கும் பள்ளம், விண்டர்பாட்டம். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேனேஜராக 1946 முதல் 1962 வரை இருந்தவர் வால்டர் விண்டர்பாட்டம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஷஃபிள்பாட்டம். காதில் விழும்போது யாரோ இடுப்பை ஆட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கிறது இல்லையா? உண்மையில், இது லங்காஷயரின் பரி நகரத்தை ஒட்டிய 'ஷிப்பர்பாட்டம்' என்ற இடத்துப் பெயர் வாய்க்கு வாய் மாறித் தேய்ந்த உருவம். முன்பாதியில் இருப்பது ஆடு. அது ஆடு கழுவும் துறையா, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்றா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. எதுவானாலும் ஆடு, தண்ணீர், பள்ளம் மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கம்பளி ரோமம் கத்தரிப்பதற்குச் சில நாள் முன்பு ஆடுகளை ஓடையில் இறக்கி அழுக்குப் போகக் கழுவுவார்கள். சுத்தமான ரோமத்துக்கு நல்ல விலை. ஆடு கழுவிய துறையின் ஞாபகம் ஒரு குடும்பப் பெயருக்குள் இத்தனை நூற்றாண்டாக உட்கார்ந்திருக்க, நாம் அதைக் கேட்டு இடுப்பைப் பார்க்கிறோம்.

இந்தப் பெயர்களெல்லாம் ஏன் அபூர்வம்? ஸ்மித் என்ற பெயருக்கு ஊருக்கு ஊர் ஒரு கொல்லன் இருந்தான். அதனால் அது ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்தது. ஆனால், ஒரே ஒரு சின்னப் பள்ளத்தின் பெயர் ஒன்றிரண்டு குடும்பங்களுக்குத்தான் வாய்க்கும். அந்தக் குடும்பத்தில் பெண் குழந்தைகள் மட்டும் பிறந்தால், கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கணவர் பெயருக்கு மாறிவிட, அந்தக் கிளை அத்தோடு முடிந்தது. இதற்கு மேல் கிண்டலும் சேர்ந்துகொண்டால்?

சிரிப்பு எப்போது தொடங்கியது?

'பாட்டம்' என்ற சொல் உடம்பின் அந்தப் பகுதிக்குப் போனது ரொம்பப் பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு அது மிக மரியாதையான சொல். கப்பலுக்கு 'பாட்டம்' என்று பெயர் உண்டு. தாக்குப்பிடிக்கும் குதிரையை 'பாட்டம் உள்ள குதிரை' என்பார்கள். ஷேக்ஸ்பியர் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் ஒரு நெசவாளிக்கு 'பாட்டம்' என்றே பெயர் வைத்தார். நூல் சுற்றும் கட்டைக்கும் அன்று அந்தப் பெயர்தான் என்பதால், நெசவாளிக்கு அது பொருத்தமான தொழில் பெயர்.

பொருள் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. 1755-ல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சன், 1781-ல் லண்டனில் ஒரு விருந்தில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் நல்ல புத்திக்கு ஆழமான அடித்தளம் உண்டு என்று பாராட்ட நினைத்தவர், அடித்தளம் என்ற பொருளில் 'பாட்டம்' என்று சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹன்னா மோர் என்ற எழுத்தாளர் பக்கத்தில் இருந்த பெண்மணியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். ஜான்சனுக்குக் கோபம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, 'பாட்ட'த்துக்குப் பதிலாக 'ஃபண்டமெண்டலி' என்று மாற்றிச் சொன்னார். மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள் எல்லோரும். ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதிய ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கூத்து இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஃபண்டமெண்டல் என்ற சொல் 'ஃபுண்டுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் ஆங்கில 'பாட்ட'த்துக்கும் சமஸ்கிருத 'புத்ன'வுக்கும் பூர்வ வேர் ஒன்றே. எல்லாவற்றுக்கும் அடி, ஆழம் என்றுதான் பொருள். ஜான்சன் ஒரு பாட்டத்திலிருந்து தப்பித்து இன்னொரு பாட்டத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறார்!

சொல் இப்படி இறங்கிப் போவது நமக்கும் புதிதில்லை. ஸ்கூல் தமிழ்ப் பாடத்தில் படித்த 'நாற்றம்' ஞாபகம் இருக்கும். சங்க காலத்தில் அது நறுமணம். இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் 'உங்களிடம் நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு நாற்றம் வெறும் சொல்லாக இருந்ததால் தப்பித்தோம். அதுவே குடும்பப் பெயராக இருந்து, ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட வேண்டியிருந்தால்? சைட்பாட்டம் குடும்பங்களுக்கு நடந்தது அதுதான். அவர்கள் எதையும் மாற்றவில்லை. ஊரார் பேசிய மொழிதான் அவர்கள் காலடியில் மாறிப்போனது.

'த்' போட்டால் மரியாதை

தப்பிக்க ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். ஒன்று, உச்சரிப்பு. எழுதுவது அதேதான், ஆனால் 'சிட்டி-பொ-டாம்' என்று ஃபிரெஞ்சு வாடையோடு சொல்லிக்கொள்வது. இதை வைத்தே ஆங்கிலேயர்கள் ஜோக் அடிப்பார்கள். 1990-களில் பிபிசி-யில் வந்த 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' காமெடித் தொடரில், பக்கெட் என்ற தன் பெயரை 'பூக்கே' என்று சொல்லச் சொல்லி எல்லோரையும் பாடாய்ப் படுத்தும் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். 'பாட்டம்' என்பதை 'போத்தம்' என்று எழுதுவது. சைட்போத்தம், ஹிக்கின்போத்தம் என்றெல்லாம் இருக்கும் பெயர்கள் இதே குடும்பம்தான். ஆனால், 'த்' போட்டு எழுதிய எல்லோரும் வெட்கப்பட்டு மாறியவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்திலேயே பொட்ம், பொத்ம் என்று இரண்டும் இருந்ததாக மேலே பார்த்தோமே. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி சொல்ல, தேவாலயத்துப் பாதிரியார் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே குடும்பத்தில் அண்ணன் 'பாட்டம்', தம்பி 'போத்தம்' என்று பதிவாவது அந்தக் காலத்தில் சகஜம்.

இந்த 'த்'-தின் மகிமையைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், கிரிக்கெட்டுக்கே வருவோம். இயான் போத்தம்! 1981-ல் லீட்ஸ் ஹெடிங்லி மைதானத்தில் தோற்க வேண்டிய டெஸ்ட்டைத் தனி ஆளாக ஆஸ்திரேலியாவிடமிருந்து பிடுங்கிய அதே போத்தம். அவருடைய பெயரும் 'பொத்ம்' என்ற அதே பழைய சொல்தான். பள்ளத்தாக்கின் அடியில் குடியிருந்தவர் என்று பொருள். சைட்பாட்டத்தில் இருக்கும் அதே பள்ளம். 2007-ல் அவர் சர் இயான் ஆனார், 2020-ல் பிரபுக்கள் சபைக்குப் போய் லார்டு போத்தம் ஆனார். அவர் பெயரைக் கேட்டு யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

மூன்றாவது வழி, பெயரையே தூக்கி எறிவது. இங்கிலாந்தில் பெயர் மாற்றுவது சட்டப்படி சுலபம். 'டீட் போல்' என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நம் கெஜட் அலைச்சல் மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு ஆபத்தும் உண்டு. 1862-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. ஜோஷுவா பக் என்பவர், இனிமேல் தன் பெயர் நார்ஃபோக் ஹோவர்ட் என்று அறிவித்திருந்தார். பக் என்றால் மூட்டைப்பூச்சி. நார்ஃபோக்கும் ஹோவர்டும் இங்கிலாந்தின் மிகப் பெரிய பிரபு வம்சத்துப் பெயர்கள். ஊர் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து கொஞ்ச காலத்துக்கு மூட்டைப்பூச்சிக்கே 'நார்ஃபோக் ஹோவர்ட்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

மாற்றாதவர்கள்

இத்தனைக்கும் நடுவில் பெயரை அப்படியே வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். டாம் ஹாரப் சைட்பாட்டம் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்டேலிபிரிட்ஜ் தொகுதி எம்.பி.யாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். தேர்தல் பிரசாரத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் பெயரை விட்டு வைத்திருப்பார்களா என்ன!

ரையனின் அப்பா ஆர்னி சைட்பாட்டமும் இங்கிலாந்துக்கு ஆடியவர்தான். மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குக் கால்பந்து, யார்க்ஷயருக்குக் கிரிக்கெட் என்று இரண்டு ஆட்டத்திலும் கால் வைத்தவர். 1985-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். அதிலும் காயம். மகனுக்கும் அப்படித்தான் ஆகிவிடும் போலிருந்தது. 2001-ல் லார்ட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு டெஸ்ட், விக்கெட் இல்லை. அதன்பிறகு ஆறு வருடம் அழைப்பே வரவில்லை. 2007-ல் ஹெடிங்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மறுபடி கூப்பிட்டார்கள். எட்டு விக்கெட். அடுத்த வருடம் நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஹாட்ரிக். மொத்தம் 22 டெஸ்ட், 79 விக்கெட். 2010-ல் பார்படோஸில் ஆஸ்திரேலியாவை வென்று இங்கிலாந்து டி20 உலகக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த இறுதிப்போட்டியிலும் அவர் இருந்தார். ஸ்கோர் போர்டில் முழுதாக, எழுத்து மாறாமல், சைட்பாட்டம்.

இன்னொருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜான் ராம்ஸ்பாட்டம், 1814-ல் லங்காஷயர், யார்க்ஷயர் எல்லையில் உள்ள டாட்மார்டன் ஊரில் பிறந்த ரயில்வே இன்ஜினீயர். உங்கள் பைக்கை மெக்கானிக்கிடம் விடும்போது 'பிஸ்டன் ரிங் போயிருக்கு சார்' என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பார் இல்லையா? உலோக வளையத்தில் ஒரு வெட்டு விட்டு, அது தானே விரிந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்படி அந்த ரிங்கை 1852-ல் நீராவி இன்ஜினுக்காக வடிவமைத்தவர் இவர்தான். ஓடுகிற ரயில் நிற்காமலேயே தண்டவாளத்துக்கு நடுவே உள்ள தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடும் இவருடையதே.

அவருடைய பெயர் ஓர் ஊரின் பெயரும்கூட. மான்செஸ்டருக்கு வடக்கே, இர்வெல் ஆற்றங்கரையில் ராம்ஸ்பாட்டம் என்ற சின்ன ஊர் இன்றும் இருக்கிறது. 'கடா ஆட்டுப் பள்ளம்' என்பது ஒரு விளக்கம். 'காட்டுப்பூண்டுப் பள்ளம்' என்பது இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் கடாவுக்கும் காட்டுப்பூண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சொற்கள். போன் மேப்பில் தேடிப் பாருங்கள், இரு பக்கமும் மேடு, நடுவே ஆறு, ஆற்றோடு ஒட்டி ஒரு ரயில் பாதை தெரியும். அது ஈஸ்ட் லங்காஷயர் ரயில்வே. பழைய நீராவி இன்ஜின்களைப் பாதுகாத்து இன்னும் ஓட்டுகிறார்கள். ராம்ஸ்பாட்டம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்.